ஜெசிந்தா சாய்ந்த சுவர்கள்

2014ஆம் வருஷம் தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, விழுப்புரத்தில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவர், அதில் சாய்ந்து நின்ற ஜெசிந்தாவின் முதுகு எப்படி வளைந்திருந்ததோ அப்படியே வளைந்துகொடுத்தது. அந்த வாரம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைக்கு நூறு ரூபாய் ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் வந்து பார்த்து, சுவரைத் தட்டி, விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த மாதத்திலிருந்து டிசைன் சுவர் என்று சொல்லி வாடகையில் இருநூறு ரூபாய் ஏற்றினார்.

ஜெசிந்தாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முதுகெலும்பு மேலே வலப்பக்கம் ஒரு வளைவு, இடுப்புக்கு மேலே இடப்பக்கம் ஒரு வளைவு என்று போய்க்கொண்டிருந்தது. பதினாலு வயதில், பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் ஒருவர் குனியச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். அவள் வளர்ந்தாள், வளைவும் கூடவே வளர்ந்தது. முப்பது வயதில் எடுத்த எக்ஸ்ரேயில் ஐம்பத்திரண்டு டிகிரி என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இந்த ஊரில் ஐம்பத்திரண்டு டிகிரி வெயில் அடித்தால்கூட அவ்வளவு பேர் யோசனை சொல்ல வந்திருக்க மாட்டார்கள். விட்டத்தில் தொங்கச் சொன்னார்கள். விளக்கெண்ணெய் தடவச் சொன்னார்கள். காந்தம் வைத்த மெத்தை ஒன்றைக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்றவர், மெத்தை வாங்கி இன்னும் நாலு பேரை வாங்க வைத்தால் முதுகு தானாக நேராகும் என்றார். இரும்பை கிராமத்துப் பக்கம் யோகா கற்றுக்கொடுத்த வெளியூர்க்காரர் ஒருவர், இது போன ஜென்மத்தில் யாருக்கோ முதுகைக் காட்டியதன் பலன் என்றார். எல்லாருமே கடைசியில், உட்கார்கிற விதம் சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கூன் போட்டபடி எழுந்து போனார்கள்.

உருப்படியாகப் பேசியவள் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்த்த கலைப்பிரியா ஒருத்திதான். "அக்கா, இனிமே இது நேராவாது. வலியும் முழுசா போவாது. ஆடு மேய்க்கிற மாதிரி வச்சிக்கோங்க. நீங்க ஓட்டிக்கினு போனீங்கன்னா அது பாட்டுக்கு வரும். விட்டுட்டீங்கன்னா கண்ட எடத்துல மேயும்" என்றாள். மேய்க்கும் முறைகளையும் சொன்னாள். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. அமுங்கிப்போன பக்கத்து விலாவுக்குள் மூச்சை இழுத்து நிரப்ப வேண்டும். டென்னிஸ் பந்து ஒன்றை முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். கூடவே ஒரு பயிற்சித் தாளும் கொடுத்தாள். நேரான முதுகுக்காரர்கள் நேரான முதுகுக்காரர்களுக்காக எங்கேயோ அச்சடித்த தாள் அது. அதில் முதல் வரி, முதுகு முழுவதும் சுவரில் ஒட்டும்படி நிற்கவும் என்று இருந்தது. ஜெசிந்தாவின் முதுகு சுவரில் ஒட்டியது இரண்டே இடத்தில்தான். பதினோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். பன்னிரண்டாம் நாள் காலை சுவரைப் பார்த்து, "முப்பது வருசமா ஒங்களுக்கெல்லாம் நான்தான் வளைஞ்சிக்கினு இருக்கேன். இன்னிக்கி நீ வளையேன், கொறஞ்சா பூடுவ?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி என்று சுவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் சாய்ந்து நின்ற இடமெல்லாம் ஒன்றிரண்டு நாளில் வளைந்துகொடுத்தது. தேவாலயத்தின் பின்வரிசைத் தூண், ரேஷன் கடைச் சுவர், கணவன் சவுரிராயன் ஓட்டிய ஆட்டோவின் பின்சீட்டுக் கம்பி என்று வரிசையாக வளைந்தன. வேறு யார் சாய்ந்தாலும் அசையவில்லை. பலர் வந்து சாய்ந்து பார்த்து, சட்டையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். ரேஷன் கடைச் சுவரைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, தட்பவெப்ப மாறுதலால் ஏற்பட்ட இயற்கையான நெகிழ்ச்சி என்று நான்கு பக்கத்தில் எழுதி, ஐந்தாம் பக்கத்தில் தன் பயணப்படியைக் கேட்டிருந்தார். மண்டகப்பட்டுக் குகைக்கோயிலுக்குக் குடும்பத்தோடு போனபோது மட்டும் ஜெசிந்தா எதிலும் சாயாமல் வெளியே புல்லில் படுத்துக்கொண்டாள். அத்தனை நூற்றாண்டு நேராக நின்ற தூணை எதற்கு வம்புக்கு இழுப்பது என்று விட்டுவிட்டாள்.

வேலை அவளுக்குத் திண்டிவனத்தில். பெரியதம்பி என்பவரின் ஆண்கள் தையற்கடையில் அவள்தான் கட்டிங் மாஸ்டர். வெள்ளைச் சட்டைக்குப் பேர் போன கடை. கட்சி எதுவானாலும், மேடையேறுகிறவர்களின் சட்டை அங்கேதான் வெட்டப்பட்டது. வந்த புதிதில் ஜெசிந்தா கட்டிங் டேபிளின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, குனியாமல் வெட்டும் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டாள். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் துணிக்கட்டுகளுக்கு நடுவே தரையில் பத்து நிமிஷம் படுத்துக்கொள்வாள். அப்போது அவளைக் கூப்பிட்டவர்களுக்குக் கத்திரிதான் பதில் சொல்லும் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். வலி இல்லாத நாள் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. வலியைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்க்கிற நாள், வலி டேபிள் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிற நாள் என்று இரண்டு வகைதான் உண்டு. இரண்டிலும் அவள் வெட்டிய காலர் ஒரு நூல் பிசகியதில்லை.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அளவு நோட்டில் ஒரு பக்கம். அதில் இடது தோளையும் வலது தோளையும் தனித்தனியாக எழுதுவார்கள். ஏனென்றால் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் உள்ள ஆம்பிளையை அந்தக் கடை முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. எவ்வளவு ஏற்ற இறக்கமோ அவ்வளவுக்குத் துணியை மடித்து உள்பக்கம் பேடு வைத்துத் தைத்து, ஆளை நேராகக் காட்டி அனுப்பிவிடுவார்கள். இதை வாடிக்கையாளரிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது. அவருடைய உடம்பைப் பற்றி அவரிடமே பேசுவது மரியாதை இல்லை. ஆகவே திண்டிவனத்தின் பெரிய மனிதர்கள் எல்லாரும், தாங்கள் பிறவியிலேயே நேரானவர்கள் என்று நம்பிக்கொண்டு நடமாடினார்கள்.

அப்படி நம்பியவர்களில் முதல் ஆள் சக்கரபாணி. ஏதோ ஒரு வணிகர் பேரவைக்குத் தலைவர். பேரவையில் வேறு யார் இருந்தார்கள் என்பது தெளிவாகத் தெரியவில்லை. 'நிமிர்வுச் செம்மல்' என்று அவருக்கு ஒரு பட்டம் உண்டு. அதை வழங்கிய விழாவுக்கு மண்டபம் பிடித்ததும் அவர்தான். 2024இல் அவர் தையற்கடைக்கு எதிர்ச் சாரியில், பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பயணியர் நிழற்குடை கட்டித் திறந்துவைத்தார். பின்சுவர் முழுக்கக் கருங்கல் பலகை. அதில் பதினோரு வரிக்கு அவருடைய பேரும் பட்டங்களும், அடியில் 'நிமிர்ந்து நில்' என்ற வாசகமும். பெஞ்சு மட்டும் கிடையாது. கல்வெட்டு பதினோரு வரி போய்விட்டதால் பெஞ்சுக்கு இடம் இல்லை என்றார் கொத்தனார்.

ஒன்பது மணி நேரம் நின்று வெட்டிவிட்டு, மாலை ஆறரைக்கு ஜெசிந்தா அங்கே வந்து விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்பாள். சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் எதிலும் சாயாமல் நின்றால் மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியாது, எழாவிட்டால் வேலை இல்லை. சாய்ந்தாள். மூன்றாம் நாள் கருங்கல் வளைந்தது. உடையவில்லை, மாவு போல உள்வாங்கி, அவளுடைய இரண்டு வளைவுக்கும் இடம் கொடுத்தது. எழுத்துகளும் கூடவே வளைந்து, 'நிமிர்வுச் செம்மல்' என்ற சொற்கள் பாதி வழியில் களைத்துப்போய் உட்கார்ந்தவை போல ஆகிவிட்டன.

சக்கரபாணி பலகையை மாற்றினார். வளைந்தது. மறுபடி மாற்றி, 'சுவரில் சாயாதீர்' என்று ஒரு தகரப் பலகையும் மாட்டினார். அந்தக் கல்லும் வளைந்தது. கடைசியில் ஒருநாள் மாலை அவரே நாலு பேரோடு வந்து நின்றார்.

"யம்மா, நீதான் இந்த செவுத்த கெடுக்கிறவளா?"

"கெடுக்கல தலைவரே. சாயிறேன்."

"போர்டு மாட்டியிருக்கே, கண்ணுக்குத் தெரியல?"

"தெரியுது. நேத்து கொஞ்சம் கோணலா தொங்கிக்கினு இருந்திச்சி. நான்தான் நிமித்தி வச்சேன்."

கூட வந்த நாலு பேரில் ஒருவன் சிரித்துவிட்டு, உடனே இருமினான்.

"கருங்கல்லும்மா இது! லாரி வச்சி எறக்குன கல்லு!"

"நல்ல கல்லு தலைவரே. சொன்னா கேட்டுக்குது. ஒரு பெஞ்சு போட்டிருந்தீங்கன்னா நான் ஏன் அத்த தொந்தரவு பண்ணப் போறேன்?"

"பெஞ்சு போட்டா சோம்பேறிங்க குந்திக்குவாங்க. மனுசன்னா நிமிந்து நிக்கணும். மனசு நேரா இருந்தா முதுகு தானா நேரா நிக்கும். என்னப் பாரு."

ஜெசிந்தா அவரைத் தலையிலிருந்து இடுப்பு வரை, துணியைப் பார்க்கும் கண்ணால் பார்த்தாள். இடது தோள் ஒன்றரை அங்குலம் இறக்கம். அதற்காக மூன்று மடிப்பு பேடு, தோளிலிருந்து முதுகுப் பாதி வரைக்கும். எல்லாம் அவள் கையால் வைத்தது.

"பாத்துக்கினுதான் தலைவரே இருக்கேன், எட்டு வருசமா" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் பெரியதம்பி கடைக்குச் செய்தி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சக்கரபாணிக்கு அறுபதாவது பிறந்த நாள். அன்று மாலை நிழற்குடைச் சுவரை, அதே பதினோரு வரியோடு, ஒரு அடி கனத்துக்குக் கம்பி வைத்த கான்கிரீட்டில் நான்காம் முறையாகத் திறந்துவைக்கப் போகிறார். அதற்குப் பிறகும் அந்தம்மாள் அதில் சாய்ந்தால், அவருடைய சட்டைகளும் அவரைச் சுற்றி இருப்பவர்களின் சட்டைகளும் வேறு கடைக்குப் போய்விடும். பெரியதம்பி நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதராக இருப்பதற்கு அவர் யாரிடமும் முன்பணம் வாங்கியிருக்கவில்லை.

"பேஜாரா பூடுச்சி ஜெசிந்தாம்மா. எல்லாம் சேத்து மாசம் எம்பது சட்டை. அது போச்சின்னா உன்ன வச்சிக்கிறதுக்கே வழியில்ல எனக்கு. கொஞ்ச நாளு சாயாத இருந்து தொலையேன்."

"நீங்க கொஞ்ச நாளு மூச்சு உடாத இருங்க மொதலாளி. நானும் சாயாத இருக்கேன்."

அன்று இரவு சாப்பிடும்போது சவுரிராயன், "உட்டுடு ஜெசி. இங்கியே வேற எடத்துல வேல பாத்துக்கலாம்" என்றான். "அங்கியும் செவுரு இருக்கும்ல?" என்றாள் ஜெசிந்தா. கறிக்குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இருவரும் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்கள். சவுரிராயன் வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டுவந்து அவள் முதுகில் வைத்தான். சாயாமல் அந்த வேலையில் இருக்க முடியாது, சாய்ந்தால் அந்த வேலை இருக்காது என்பது இரண்டு பேருக்கும் விளங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு வழக்கம் போல அங்கே போய் நிற்பேன் என்று மட்டும் அவள் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சக்கரபாணி பிறந்த நாள் சட்டைக்குத் துணி கொண்டுவந்தார். கட்டிங் டேபிளைப் பார்க்காமல் பெரியதம்பியைப் பார்த்துப் பேசினார். "கோணல் முதுகுக்காரி வெட்டுற சட்டை கோணலாத்தான் வரும்னு நாலு பேரு பேசிக்கிறாங்கய்யா. இந்தத் தடவ நூல் புடிச்ச மாதிரி இருக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. உள்ள என்னமோ துணிய மடிச்சி மடிச்சி வைக்கிறீங்களே, அந்த வேலையெல்லாம் வேணாம். புழுங்குது."

பெரியதம்பிக்கு வியர்த்துவிட்டது. "இல்ல தலைவரே, பழைய அளவே நல்லா..." என்று இழுத்தார்.

"நேரா வேணுமா தலைவரே?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நேரா வேணும்."

"நெஜமாவே?"

"இன்னாம்மா, காது கேக்கலியா?"

"அளவுல மாத்தினா நோட்டுல கையெழுத்துப் போடணும். கடை வழக்கம்."

சக்கரபாணி கல்வெட்டுக்குப் பொருத்தமான பெரிய கையெழுத்தாகப் போட்டார். ஜெசிந்தா துணியை விரித்து, மார்க்கிங் சாக்கை எடுத்து, இரண்டு தோளுக்கும் ஒரே கோடு போட்டாள். அன்றைக்கு வலி டேபிள் மேல் ஏறி உட்கார்ந்திருந்த நாள். அதை ஒரு பக்கம் நகர்த்திவிட்டுத்தான் துணியை விரிக்க வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேராக ஒரு சட்டையை வெட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்ற சக்கரபாணி, கண்ணாடியைக் கோணலாக மாட்டியவன் யார் என்று கேட்டார். ஆள் வந்து கண்ணாடியை இடமும் வலமும் நகர்த்தினான். கண்ணாடி சரியாகவில்லை. அதற்குள் மேளக்காரர்கள் வந்துவிட்டதால் அப்படியே கிளம்பினார்.

மேடை நிழற்குடைக்குள்ளேயே போடப்பட்டிருந்தது. கூட்டம் நானூறு பேர் இருக்கும். அதில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் இருநூறு. மைக்கை வாங்கிய சக்கரபாணி, நிமிர்வு என்பது என்ன என்று ஆரம்பித்தார். இடது உள்ளங்கை பாதி வரை சட்டைக் கைக்குள் போய்விட்டிருந்தது. பட்டன் வரிசை கழுத்தில் தொடங்கி இடுப்புக்குப் போவதற்குள் பக்கத்து வட்டத்துக்குப் போயிருந்தது. அவர் நேராக நிற்க முயன்றார். முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் முயன்றுகொண்டிருந்தார் என்பதும், ஒவ்வொரு மேடைக்குப் பிறகும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குப்புறப் படுத்து மருந்து தேய்க்கச் சொல்வார் என்பதும், தேய்த்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் பேசினார். இருபது நிமிஷம் பேசினார். நெற்றியில் வியர்வை கோத்தது. 'தமிழன் என்றால்' என்று ஆரம்பித்த வாக்கியம் மூன்று முறை பாதியிலேயே நின்றது. நாற்பதாவது நிமிஷத்தில், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தார்.

ஒரு அடி கனக் கான்கிரீட் வளைந்தது. முதலில் இடது தோளுக்கு ஒன்றரை அங்குலம் இறங்கி, பிறகு நடு முதுகுக்கு மெல்ல உள்வாங்கி, இடுப்புக்கு ஒரு தாங்கல் கொடுத்து நின்றது. அதுவரை ஜெசிந்தாவைத் தவிர யாருக்கும் எந்தச் சுவரும் அப்படிச் செய்ததில்லை. பேடு இல்லாத முதுகு ஒன்று அன்றுதான் முதல் முறையாக அவரிடமிருந்து சுவருக்குக் கிடைத்தது என்று பெரியதம்பி பிற்பாடு காரணம் சொன்னார். சக்கரபாணி கண்ணை மூடினார். பேச்சை மறந்தார். கையில் இருந்த மைக்கும் அவர் வாய்க்கு அருகிலேயே இருந்தது. திண்டிவனம் பஸ் நிலையம் வரை கட்டியிருந்த பதினாறு ஒலிபெருக்கிகளிலும் ஒரே நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது.

"அப்பாடா."

கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் தன்னை அறியாமல் பின்னால் கைகொடுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் நானூறு பேரில் பாதிப்பேர் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். மணி ஆறரை. ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மேடைப் படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறி வந்தாள். யாரும் தடுக்கவில்லை. சக்கரபாணிக்குப் பக்கத்தில், புதுச் சுவரில் தனக்கென்று ஓர் இடம் பார்த்துச் சாய்ந்தாள். இந்த முறை சுவர் மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

சக்கரபாணி கண் திறந்தார். பக்கத்தில் யார் என்று பார்த்தார். மைக்கை மூடிப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "எத்தன வருசமா உனக்கு?" என்று கேட்டார்.

"இருபத்தெட்டு."

"போவாதா?"

"போவாது தலைவரே. மேய்க்கணும்." கைப்பையிலிருந்து பழைய டென்னிஸ் பந்தை எடுத்து நீட்டினாள். "எடது பக்கம், தோள்பட்டைக்குக் கீழ வச்சிக்கோங்க. அமுக்காதீங்க, உருட்டுங்க."

அவர் வாங்கி வைத்துக்கொண்டார். விழா அத்துடன் முடிந்ததாக மேளக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மன்னிப்பு என்று எதையும் சக்கரபாணி கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. சட்டைகள் வேறு கடைக்குப் போகவும் இல்லை. அடுத்த மாதம் துணி கொண்டுவந்தபோது, "பழையபடியே வச்சித் தச்சிரும்மா" என்றார், கட்டிங் டேபிளைப் பார்த்து. ஜெசிந்தா முடியாது என்றாள். பேடு வைப்பதும் இல்லை, கோடு நேராகப் போடுவதும் இல்லை. இடது தோளை ஒன்றரை அங்குலம் இறக்கியே வெட்டினாள். அந்தச் சட்டை அவர் மேல் சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. பார்த்தவர்கள், தலைவர் கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருக்கிறார், ஆனால் சட்டை பிரமாதம் என்றார்கள். தீபாவளிக்குள் அதே மாதிரி கேட்டு இருபது பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் இறக்கத்தை அவரிடமே சொல்லிவிட்டுத்தான் ஜெசிந்தா டேப்பைச் சுருட்டினாள். கடையின் முப்பது வருஷ மரியாதை அதோடு முடிவுக்கு வந்தது.

நிழற்குடைச் சுவர் இப்போது அப்படியேதான் இருக்கிறது. இரண்டு குழிவுகள் நாற்பதாகிவிட்டன. பேடு இல்லாமல் வந்து சாய்கிற யாருக்கும் அது இடம் கொடுக்கிறது. பதினோரு வரிக் கல்வெட்டில் எது எந்த எழுத்து என்று தெரியவில்லை. யாரும் படித்துப் பார்க்க முயன்றதாகவும் தகவல் இல்லை. திண்டிவனம், கோலியனூர் பக்கத்துக் கொத்தனார்கள் வீடு கட்டக் கூலி பேசும்போது, நேர்ச்சுவரா ஜெசிந்தா சுவரா என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஜெசிந்தா சுவருக்குச் சதுர அடிக்குப் பன்னிரண்டு ரூபாய் கூடுதல்.

போன வாரம் விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வலியும் ஜெசிந்தாவும் ஏறி, நடுக்கம்பியில் சாய்ந்து நின்றார்கள். மயிலம் ரோடு தாண்டுவதற்குள் கம்பி வளைந்து, அவளுடைய வலது விலாவுக்கு வாகாக நின்றது. கண்டக்டர் வளைந்த கம்பியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எங்கம்மா?"

"விழுப்புரம் ஒண்ணு."

"சில்லறையா குடும்மா" என்றார் அவர், டிக்கெட்டை நீட்டியபடி.